புகையில் வந்த செம்பு

பிப்ரவரி 20, 2025 - வியாழன்

பாலகிருஷ்ணன் அண்ணனின் சூளையில் இன்று ஒரு லோடு முழுக்க நிறம் மாறி வெளியே வந்தது. மாற்றியது நான்.

வெள்ளையாக வரவேண்டிய மேசை விளக்குத் தண்டுகள், இருநூறு. சூளையாள் கலியமூர்த்தி டிராலியை வெளியே இழுத்ததும் எல்லோரும் அதைச் சுற்றி வந்து நின்றோம். பாதித் தண்டுகளில் ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் ரோஸ். சிலவற்றில் அழுக்குத் தேமல். சிலவற்றில் ஒன்றுமே இல்லை. அண்ணன் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் மேல்தட்டைப் பார்த்தார். அங்கே என் சோதனை வில்லைகளுக்குப் பக்கத்தில் கறுத்துச் சுருங்கிய ஒரு கல்.

"இது யாரு வெச்சது?"

"நான்தாண்ணே."

"இன்னா கல்லு?"

"ஹுமைரா கொண்டாந்தது. எரிமலையிலேருந்து."

"எரிமலையிலேருந்து கொண்டாந்து என் சூளையில வெச்சியா, பாயம்மா?"

மண்ணும் பவுடரும் விற்கிற எங்கள் எல்லோருக்கும் இந்த விருத்தாசலத்தில் ஒரு பழக்கம் உண்டு. புதுச் சரக்கு வந்தால் ஒரு துண்டைத் தட்டி யார் சூளையிலாவது ஓரமாகச் சொருகிவிடுவோம். நெருப்பில் என்ன ஆகிறதென்று பார்த்தால்தான் விலை சொல்ல வாய் வரும். யாரும் கேட்டு வைப்பதில்லை, சூளைக்காரரும் கண்டுகொள்வதில்லை. இத்தனை வருடத்தில் நான் வைத்த எதுவும் பக்கத்துச் சாமானைத் தொட்டதில்லை. இந்தக் கல் தொடவும் இல்லை. ஒரு முழம் தள்ளித்தான் இருந்தது. பிறகு எப்படி?

அண்ணனுக்கு இது சாதாரண லோடு அல்ல. பீங்கான் ஃபியூஸ் கட்டை வாங்க ஆள் இல்லாமல் போனபிறகு அவர் தொழிலை மாற்றிப் பிடித்த முதல் பெரிய ஆர்டர். பாண்டிச்சேரியில் புதிதாகத் திறக்கிற ஓட்டலுக்கு, அலங்காரச் சாமான் எடுத்துக் கொடுக்கிற இளமதி என்கிற பெண் கொடுத்தது. மார்ச் இருபதுக்குள் சரக்கு போகவேண்டும். தவறினால் சூளையை அணைத்துவிட்டு ஷெட்டைப் பார்சல் கம்பெனிக்கு வாடகைக்கு விடுவதாக அவர் போன மாதமே சொல்லிவிட்டார். கேலிக்குச் சொல்லவில்லை. பார்சல்காரன் வந்து டேப் வைத்து அளந்துவிட்டுப் போயிருக்கிறான்.

அண்ணன் தண்டைத் திரும்ப டிராலியில் வைத்துவிட்டுப் போனார். அவர் மனைவி அம்புஜவல்லிதான் ஒன்றை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அறை வாங்குன கன்னமாட்டம் இருக்குது."

ஆனால் - இதை இங்கே மட்டும் எழுதுகிறேன் - எனக்குப் பயம் வந்தது உண்மை, அதைவிட அதிகமாக ஆசை வந்தது. அந்த ரோஸ் எந்த டப்பாவிலும் கிடைக்காது. நான் விற்காத கலர் இல்லை. எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 21 - வெள்ளி

மகள் ஹுமைராவுக்குப் போன் போட்டேன். இந்தோனேசியாவில், பூமிக்குள்ளிருந்து வருகிற நீராவியில் கரண்ட் எடுக்கிற நிலையத்தில் அவளுக்கு லேப் வேலை. மாப்பிள்ளை ரயீசுக்கும் அங்கேதான். விவரத்தைச் சொன்னதும் முதலில் திட்டு.

"ஷோகேஸ்ல வெக்கத்தானம்மா குடுத்தேன்? உனக்கு எதைப் பாத்தாலும் நெருப்புல போடணும்."

"சரிடி. அது எப்படி ஒரு முழம் தள்ளி இருக்கறதுல போயி ஒட்டுச்சு, அத்த சொல்லு."

சொன்னாள். எரிமலை வாயில் புகை மட்டும் வருவதில்லையாம். அந்தப் புகையோடு செம்பு, துத்தநாகம், ஈயம் எல்லாம் ஏறி வருமாம். செம்பு எப்படிப் பறக்கும் என்று கேட்டேன். தனியாகப் பறக்காது, உப்பில் இருக்கிற குளோரினோடு சேர்ந்தால் அந்தச் சூட்டில் ஆவியாகிவிடும் என்றாள். மேலே வந்து குளிர்ந்த பாறையைப் பார்த்ததும் அங்கே உட்கார்ந்துகொள்ளும். மஞ்சளாக உட்கார்ந்தால் கந்தகம், பச்சையும் நீலமுமாக உட்கார்ந்தால் பெரும்பாலும் செம்பு. வெந்நீர் ஊற்றிலும் அதே கதைதான், அங்கே புகைக்குப் பதில் தண்ணீர் தூக்கிக்கொண்டு வருகிறது. அவள் வேலை செய்கிற இடத்தில் குழாய்களுக்குள் வெள்ளை வெள்ளையாகப் படிந்து வருடத்துக்கு ஒருமுறை உளி வைத்துப் பெயர்க்கிறார்களாம். சில ஊர்களில் அந்தப் படிவில் வெள்ளியும் தங்கமும்கூடப் பொடிப்பொடியாக இருக்குமாம்.

"தங்கமாடி?"

"ஆரம்பிச்சிட்டியா. கண்ணுக்குத் தெரியாதும்மா. எடுக்கற செலவுக்கே காணாது."

அப்படியானால் நான் சூளையில் வைத்தது கல் இல்லை. உறைந்துபோன புகை. அதைத் திரும்ப நெருப்பில் வைத்தேன். அது திரும்பவும்... எனக்கு இன்று வேலையே ஓடவில்லை. ஒரு மூட்டை பெல்ட்ஸ்பார் பவுடர் கேட்டவனுக்குக் குவார்ட்ஸ் பவுடரை ஏற்றி அனுப்பிவிட்டேன். அவனே திரும்பி வந்து சிரித்தான்.

பிப்ரவரி 22 - சனி

அண்ணன் போனை எடுக்கவில்லை. காலையிலும் எடுக்கவில்லை, மாலையிலும் எடுக்கவில்லை.

பிப்ரவரி 23 - ஞாயிறு

பாண்டிச்சேரி போய்விட்டு வந்தேன். அம்புஜவல்லியிடம் மட்டும் சொல்லி, நன்றாக நிறம் ஏறிய மூன்று தண்டுகளைப் பழைய புடவையில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இறங்கும் வரை மடியிலேயே வைத்திருந்தேன்.

இளமதிக்கு முப்பது வயது இருக்கும். பேச்சில் கெட்டி. தண்டுகளை மேசைமேல் வைத்ததும் உள்ளே போய் ஒரு பல்பும் ஒயரும் எடுத்து வந்து மாட்டினாள். வெளிச்சம் மேலிருந்து வழிந்ததும் அந்த ரோஸ் உயிரோடு இருப்பதுபோல ஆனது.

"இது எப்படிங்க பண்ணீங்க?"

"எரிமலைக் கல்லுங்க."

நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் சொன்ன தொனி இருக்கிறதே, அது விற்கிறவளின் தொனி. அவள் கண் விரிந்ததைப் பார்த்தேன். இப்படி ஒரு கண்ணைப் பார்த்தால் நான் நிறுத்துகிற ஆள் இல்லை.

"வெள்ளை வேணாம். இருநூறும் இதே மாதிரி வேணும். ஒவ்வொண்ணுலயும் 'எரிமலைக் கல்லின் நிறம்'னு ஒரு அட்டை கட்டிடலாம். ரேட்டு ஏத்தித் தரேன். தேதி மட்டும் மாறக்கூடாது."

"மாறாதுங்க."

யார் சூளை? யார் ஆர்டர்? நான் யார் 'மாறாது' சொல்ல? திரும்பி வரும்போது பண்ருட்டி தாண்டித்தான் இது உறைத்தது. அந்த லோடில் மூன்றுதான் இப்படிச் சுத்தமாக இருந்தது என்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 24 - திங்கள்

எதிர்பார்த்ததுதான். அண்ணனிடம் போய்ச் சொன்னதும் வெடித்தார்.

"என் சூளைய நீ பேசி வித்துட்டு வந்துட்டியா? வெள்ளைன்னா நா மறுபடி போட்டுக் குடுத்திருப்பேன். அடுத்த லோடுக்குத் தண்டு ஒரு வேக்காடு வெந்து ரெடியா நிக்குது. இப்ப அந்தப் பொண்ணு வெள்ளை வேணாம்னுடுச்சு. இது வரலன்னா எனக்கு எதுவுமில்ல. தெரியுதா உனக்கு?"

"வரும்ணே."

"எப்பிடி வரும்? உனக்குத் தெரியுமா எப்பிடி வரும்னு?"

தெரியாது. அதைத்தான் என்னால் சொல்ல முடியவில்லை.

அதோடு இன்னொரு சிக்கல். மாசி மகம் மார்ச் பன்னிரண்டு, தேர் பதினொன்று. தேருக்கு முந்தின நாளே சூளை ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். மகம் முடிந்து திரும்ப ஒரு வாரமாவது ஆகும். அண்ணனும் பழமலைநாதர் தேர் ஓடுகிற நாளில் சூளைக்கு நெருப்பு வைக்கமாட்டார். ஆக, பெரிய சூளையை ஒரே ஒரு முறைதான் எரிக்க முடியும், அதுவும் பத்தாம் தேதிக்குள்.

அம்புஜவல்லி இடையில் வந்தாள். "நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டு முடிங்க. நா அதுக்குள்ள அரைக்கிறேன்."

அரைத்தோம். கறுத்துப்போன கல்லோடு, ஹுமைரா கொடுத்ததில் வீட்டில் மிச்சமிருந்த பச்சைத் துண்டுகள் அத்தனையும். எந்தக் கல்லைப் பார்த்தாலும் இந்த ஊர்க்காரர்களுக்குக் கை அரைக்கத்தான் போகும். பந்துமில்லில் போட்டு, சல்லடையில் சலித்து, மேலே பூசுகிற வெள்ளை கிளேஸில் கலந்து, நான்கு தண்டில் முக்கிச் சின்னச் சூளையில் வைத்தோம். மாவு அவ்வளவு நைசாக வந்தது. பார்க்கவே பெருமையாக இருந்தது.

பிப்ரவரி 27 - வியாழன்

பச்சையும் கறுப்பும். பாசி பிடித்த தண்ணீர்த் தொட்டி மாதிரி.

நான்கும் அப்படியே. ரோஸ் ஒரு புள்ளிகூட இல்லை. அண்ணன் பார்த்துவிட்டு ஷெட்டுக்குள் போய்விட்டார். திட்டினால்கூடத் தேவலை.

ஹுமைராவிடம் இன்னும் கொஞ்சம் கல் அனுப்பச் சொன்னேன். "அங்க யாரையும் விடறதில்லம்மா இப்ப. புகை ஜாஸ்தியாயிடுச்சு, ரோட்ட மூடிட்டாங்க" என்றாள். அரைச்சுட்டியா, எல்லாத்தையுமா, ஒரு துண்டுகூட வெக்கலியா - மூன்று முறை கேட்டாள்.

வெக்கலடி. எல்லாத்தையும் அரைச்சேன். புத்தி எங்க போச்சு எனக்கு? ஒரு துண்டு, ஒரே ஒரு துண்டு எடுத்து வெச்சிருக்கக் கூடாதா? பவுடரு விக்கிறவளுக்கு சாம்பிள் எடுத்து வெக்கணும்னு யாராவது சொல்லித் தரணுமா? அண்ணன் ஷெட்டுல பார்சல் லாரி நிக்கறது கண்ணுக்கு முன்னாடியே தெரியுது.

மார்ச் 1 - சனி

ஆச்சரியம். ஆச்சரியம்.

பாழான லோடு ஷெட்டின் பின்னால் குவிந்து கிடந்தது. இன்று காலை அதைத் தரம் பிரிக்கலாம், தேறுவதைச் சில்லறையில் தள்ளலாம் என்றுதான் போனேன். ஒவ்வொரு தண்டின் அடியிலும் கலியமூர்த்தி காவிக் கரைசலில் தட்டு எண்ணும் அதில் நின்ற இடமும் போட்டிருந்தான். எந்தத் தட்டு சரியாக வேகவில்லை என்று பார்ப்பதற்காக எப்போதும் போடுவதுதான். அதைப் பார்த்ததும் எனக்குச் சும்மா ஒரு எண்ணம்: சூளைக்குள் இருந்த வரிசையிலேயே முற்றத்தில் அடுக்கிப் பார்த்தால் என்ன?

அம்புஜவல்லியும் நானும் அடுக்கினோம். முட்டி விட்டுப்போனது. கடைசித் தண்டை வைத்துவிட்டு நிமிர்ந்தவள், "பாயம்மா, இங்க வந்து பாரு" என்றாள், அவள் நின்ற இடத்துக்கே என்னை இழுத்துக்கொண்டு.

முற்றம் முழுக்க ஒரு தடம். கல் இருந்த மூலையில் ஆரம்பித்து, வளைந்து, அகலமாகி, புகைபோக்கி இருக்கிற மூலையில் போய் முடிகிறது. அந்தத் தடத்தில் நிற்கிற தண்டெல்லாம் ரோஸ். தடத்துக்கு வெளியே எல்லாம் வெள்ளை. கல்லுக்கு ஒட்டி நின்ற இரண்டு தண்டும் கறுப்பு. கொஞ்சம் தள்ளிப் போனபிறகுதான் நிறம் நன்றாக இருக்கிறது.

"ஆறு போன தடமாட்டம் இருக்குது" என்றாள்.

ஆறு இல்லை. புகை. ஹுமைரா சொன்னதை நான் காதால் கேட்டேனே தவிர உள்ளே வாங்கவில்லை! அங்கே மலைக்குள் என்ன நடக்கிறதோ அதுதான் இங்கே சூளைக்குள் நடந்தது. சூட்டில் கிளம்பியது, காற்றோடு போனது, இடம் பார்த்து உட்கார்ந்தது. பறந்து வந்த சரக்கைப் பிடித்து அரைத்துக் குழம்பாக்கி முக்கினால் எப்படி ரோஸ் வரும்?

அரைக்கவே கூடாது. பறக்கத்தான் விடவேண்டும்.

சரி - பறப்பது எது? செம்பு. எதோடு? உப்போடு. அப்படியானால் எரிமலைதான் எனக்கு எதற்கு?

கோடவுனுக்கு ஓடினேன். நிஜமாகவே ஓடினேன், இந்த உடம்போடு. கருவேப்பிலங்குறிச்சி விவசாயிகள் மருந்தடிக்க வாங்குகிற மயில்துத்தம் மூலையில் அரை மூட்டை கிடக்கிறது. அதில் இருப்பது செம்பு. நீலமாக, பளபளவென்று. எத்தனை வருடமாக அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன்!

ஹுமைராவுக்குப் படம் எடுத்து அனுப்பி, இதோடு சமையல் உப்பைச் சேர்த்தால் ஆகுமா என்று கேட்டேன். அப்புறம் அவளே கூப்பிட்டாள்.

"அம்மா, நீ எரிமலைய மூட்டையில கட்டி வெச்சிருக்க."

உடனே எச்சரிக்கையும் வந்தது. அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது. எரியும்போது யாரும் பக்கத்தில் நிற்கக்கூடாது, புகை வெளியே உயரத்தில் போகவேண்டும், முகத்துக்குச் சரியான மாஸ்க் வேண்டும். "இன்னொண்ணு, இதுல டீ கப்பு, தட்டு எதுவும் பண்ணவே கூடாது. விளக்கு, பூச்சாடியோட நிறுத்திக்க. சத்தியம் பண்ணு." பண்ணினேன்.

நாளை முதல் நோன்பு.

மார்ச் 4 - செவ்வாய்

சின்னச் சூளையில் முதல் சோதனை. ஒரு மண்கிண்ணத்தில் மயில்துத்தமும் உப்பும், அது மூலையில். ஒரு முழம் தள்ளி நான்கு தண்டு. திறந்தால் - நிறம் வந்திருக்கிறது! பறந்து வந்து உட்கார்ந்திருக்கிறது! ஆனால் ரோஸ் இல்லை. வெளிர்ப் பச்சை. வெற்றிலைக் காம்பு நிறம்.

நான் குதித்ததைப் பார்த்து அம்புஜவல்லி, "நோன்பு வெச்சிக்கிட்டு இப்பிடிக் குதிக்காத, மயக்கம் போட்டு உழுந்துடுவ" என்றாள்.

அண்ணன் எட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு நாளாகப் பேசாதவர். இன்று அவராகவே பக்கத்தில் வந்து ஒரு பச்சைத் தண்டை எடுத்தார்.

"அன்னிக்கி கடேசில பர்னர் அடைச்சுக்கிச்சு. கலியமூர்த்தி கழட்டி மாட்டறதுக்குள்ள உள்ள பூரா புகை. கரும்புகை."

"அதனால?"

"அதனால என்ன அதனால. காத்து இருந்தா செம்பு பச்சை. காத்த நிறுத்திப் புகைய வுட்டா சிவப்பு. எங்கப்பா காலத்துலயே தெரிஞ்ச விசயம். நீ கேட்டியா?"

"நீங்க பேசுனாத்தானண்ணே கேக்க முடியும்."

சிரிக்கவில்லை. ஆனால் சின்னச் சூளையின் புகைபோக்கி அடைப்பை எவ்வளவு மூடலாம் என்று குனிந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு அது போதும்.

மார்ச் 6 - வியாழன்

ரோஸ். ரோஸ். ரோஸ். நான்கும்.

ஒன்றில் கழுத்திலிருந்து இடுப்பு வரை சிவப்பு இறங்கி, அப்புறம் கரைந்து, வெள்ளையில் காணாமல் போகிறது. எந்தப் பிரஷாலும் இப்படி இழுக்க முடியாது. அண்ணன் அதைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடமும் கொடுக்கமாட்டேன் என்கிறார். அம்புஜவல்லி பிடுங்கிப் பார்த்தாள். "அன்னிக்கி அறை வாங்குன கன்னம். இன்னிக்கி பவுடர் போட்ட கன்னம்."

சவூதியில், தம்மாமில் இருக்கிற என் வீட்டுக்காரருக்கு வீடியோவில் காட்டினேன். "நல்லாத்தான் இருக்குது ஜைத்தூன். இதுக்கு ஏன் அழற?" என்றார். அழவில்லை. கண் எரிந்தது. உப்புப் புகை.

மார்ச் 7 - வெள்ளி

இளமதி போன். ஓட்டல்காரர்களிடம் சொல்லிவிட்டாளாம், அவர்களுக்கு ஒரே சந்தோஷமாம். "எரிமலைக் கல்லு ஸ்டாக் இருக்குதுல்லங்க? அட்டை அச்சுக்குக் குடுக்கப் போறேன்."

"அட்டை இருக்கட்டும்ங்க. சரக்கு முதல்ல பாருங்க, அப்புறம் அச்சடிங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இது எனக்குக் கைவந்த கலைதான். ஆனாலும் மதியத் தொழுகையில் அதுவே மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணனிடம் சொன்னதற்கு அவர்: "அவங்களுக்கு வேண்டியது கலரு. மூலையில கல்லு இருந்துச்சா துத்தம் இருந்துச்சான்னு விளக்கப் பார்த்தா தெரியவா போவுது? கல்லுன்னு சொன்னது நீ. நீயே பாத்துக்க."

அவர் சொல்வதில் கணக்கு சரி. உண்மையைச் சொன்னால் அவள் ஏற்றித் தருவதாகச் சொன்ன ரேட் போகும். கோபப்பட்டு ஆர்டரையே வேண்டாமென்றால் சூளை போகும். சொல்லாமல் விட்டால்?

முதலில் சூளை எரியட்டும்.

மார்ச் 9 - ஞாயிறு

நேற்று காலை நெருப்பு வைத்தார்கள். இருநூறு தண்டும் உள்ளே. இந்தமுறை கிண்ணம் ஒன்றல்ல. முற்றத்தில் பார்த்த தடத்தை வைத்து, எந்த மூலையில் வைத்தால் எந்தத் தட்டுக்குப் புகை போகும் என்று நானும் அண்ணனும் அரை நாள் தகராறு செய்து ஆறு இடத்தில் வைத்தோம். கலியமூர்த்தியைத் தவிர எல்லோரையும் வேலிக்கு வெளியே அனுப்பினேன். அவனுக்கு மாஸ்க் மாட்டாமல் உள்ளே விடமாட்டேன் என்று வாசலில் நின்றுவிட்டேன்.

"பாயம்மா, இது மூஞ்சிய அமுக்குது. பீடி எப்பிடிப் புடிக்கிறது?"

"பீடிக்குன்னு வெளிய வா. அந்தப் புகையவிட இந்தப் புகை மோசம்."

சாயங்காலம் அடைப்பை மூடியதும் புகைபோக்கியிலிருந்து சாம்பலும் கறுப்பும் கலந்து கிளம்பியது. உள்ளே பார்க்கிற ஓட்டையில் தீ ஒரு நிமிடம் பச்சையாக எரிந்ததாம், கலியமூர்த்தி வந்து சொன்னான். பச்சை நெருப்பு! எனக்கும் பார்க்கவேண்டும்போல் இருந்தது. நானே போட்ட சட்டம், போகவில்லை. வேலிக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பாங்கு சத்தம் கேட்டதும் அம்புஜவல்லி கொண்டுவந்த தண்ணீரில் நோன்பு திறந்தேன். பேரீச்சம்பழம் அவளுக்கும் கொடுத்தேன். கொட்டையைத் துப்பிவிட்டுச் சூளையைப் பார்த்தபடி இருந்தாள்.

"ஏன் பாயம்மா, மலைக்குள்ளயும் இப்பிடித்தான் எரியுமா?"

"இதவிடப் பெருசா."

"அத்த யாரு அணைப்பாங்க?"

இன்னொரு பேரீச்சம்பழத்தை அவள் கையில் வைத்தேன்.

இன்று முழுக்கச் சூளை ஆறுகிறது. நாளை திறப்பு. அதற்குமேல் ஆட்கள் இருக்கமாட்டார்கள்.

மார்ச் 10 - திங்கள்

திறந்தோம். பத்தில் எட்டு தேறியது! மிச்சம் இரண்டில் ஒன்று பச்சை, ஒன்று வெறும் வெள்ளை. போன லோடில், அந்த மூன்றளவு சுத்தமில்லாவிட்டாலும் தேறுகிற நாற்பதையும் சேர்த்தால் இருநூறு நிரம்பிவிடும். அண்ணன் டிராலிக்கு முன்னால் நின்று வேட்டியை மடித்துக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி மடித்துக் கட்டினார். கலியமூர்த்தி அவருக்குத் தெரியாமல் அதைப் பார்த்துச் சிரித்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். யார் என்ன சொன்னார்கள் என்று ஒன்றுமே ஞாபகமில்லை.

மார்ச் 12 - புதன்

மாசி மகம். ஜங்ஷனிலிருந்து கோயில் வரைக்கும் கூட்டம், ஆட்டோவே நகரவில்லை. கடையைத் திறந்து உட்கார்ந்திருந்தேன். தீர்த்தவாரிக்கு வந்தவர்கள் தண்ணீர் கேட்டார்கள், கொடுத்தேன். வியாபாரம் ஒன்றுமில்லை. யோசிக்க நிறைய நேரம்.

மார்ச் 14 - வெள்ளி

இளமதி காரில் வந்தாள். ஷெட்டில் வரிசையாக நின்றதைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள். முகம் முழுக்கச் சிரிப்பு. அட்டையின் மாதிரியை எடுத்து நீட்டினாள். அழகான எழுத்து. கீழே ஒரு சின்ன மலைப் படம்கூட.

அண்ணன் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"இந்த அட்டை வேணாங்க" என்றேன். "நா உங்க கடைக்குக் கொண்டாந்த மூணும், இதுல பழைய லோடுலேருந்து சேத்த ஒரு நாப்பதும் எரிமலைக் கல்லு. அது நிஜம். மிச்சமெல்லாம் மயில்துத்தமும் உப்பும். துத்தம் என் கடைச் சரக்கு, உப்பு சமையல் உப்பு."

சிரிப்பு நின்றது. "அப்ப என்னை ஏமாத்தறீங்களா?"

"ஏமாத்தறதா இருந்தா சொல்லியிருக்க மாட்டேனே."

முற்றத்துக்கு அழைத்துப் போனேன். அடுக்கி வைத்த தடத்தை நாங்கள் இன்னும் கலைக்கவில்லை, தேறிய தண்டுகளை மட்டும்தான் எடுத்திருந்தோம். மலையில் செம்பு எப்படிப் பறந்து வருகிறது, இங்கே எப்படி வந்தது, எல்லாம் சொன்னேன். வழி ஒன்றுதான், சரக்குதான் வேறு. இங்கே கிடைப்பதை அங்கே கிடைத்தது என்று எழுதினால் அது பொய். கப்பு, தட்டு கேட்டாலும் செய்யமாட்டோம், அதையும் சொன்னேன்.

தடத்தின் ஓரமாகவே கடைசி வரை நடந்து பார்த்தாள். "சொல்லாமயே இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே. ஏன் சொன்னீங்க?"

"நீங்க அடுத்த லோடு கேப்பீங்க. அதுக்கடுத்த லோடும் கேப்பீங்க. ஒவ்வொரு தடவையும் நா ஒரு எரிமலைய வெடிக்க வெக்க முடியுமா?"

முதலில் அம்புஜவல்லிதான் சிரித்தாள். பிறகு இளமதியாலும் அடக்க முடியவில்லை.

ஆனால் வியாபாரம் வியாபாரம்தான். எரிமலை இல்லையென்றால் எரிமலை ரேட்டும் இல்லை என்றாள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிக் காரில் ஏறிவிட்டாள். அண்ணன் கார் திரும்பும் வரை நின்றார்.

"போச்சா?"

"தெரியலண்ணே."

"சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். வா, டீ - நோன்புல்ல உனக்கு. நா குடிக்கிறேன்."

மார்ச் 16 - ஞாயிறு

இளமதி பேசினாள். அன்று போனில் எடுத்த முற்றத்துப் படத்தை ஓட்டல்காரர்களுக்கு அனுப்பினாளாம். எரிமலையைவிட அவர்களுக்கு அந்தத் தடம் பிடித்துப்போயிற்றாம். அடுக்கி வைத்தபடியே படம் எடுத்து வரவேற்பறையில் மாட்டப்போகிறார்களாம். இருந்தாலும் பேரத்தில் விடவில்லை, ஒரு மணி நேரம் பேசினோம். நல்ல பெண். எனக்குச் சமமாக நிற்கிறாள்.

மாலையில் நோன்புக் கஞ்சியை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். லாபத்தில் எனக்கும் அவருக்கும் பாதிப் பாதி என்று பேச ஆரம்பித்தபோது, அடுப்படியிலிருந்து அம்புஜவல்லி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "தண்டு ஊத்தறது நானு, முக்கறது நானு. தடத்தை மொதல்ல பார்த்ததும் நானு. பாதிப் பாதின்னா எந்தப் பாதியில நா இருக்கறேன்?" அண்ணன் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். நானும் வைத்தேன். கஞ்சி ஆறிவிட்டது.

முடிவானது இது. விளக்கு ஒன்றுக்கு நானூற்று அறுபது ரூபாய்: வெள்ளையைவிட எண்பது அதிகம், எரிமலையைவிட நூற்று நாற்பது குறைவு. அட்டையில் 'சூளைப் புகையில் பூத்த நிறம், விருத்தாசலம்'. இந்த லோடு பத்தொன்பதாம் தேதி ஏறும். பிறகு மாதம் ஒரு லோடு, ஒரு வருடத்துக்கு. பார்சல்காரனுக்கு ஷெட் இல்லை. டீசலும் துத்தமும் போக மிஞ்சுவதில் அண்ணனுக்கு மூன்றில் ஒன்று, எனக்கு மூன்றில் ஒன்று, அம்புஜவல்லிக்கு அவள் பெயரிலேயே மூன்றில் ஒன்று. உடைசல் நஷ்டமும் அப்படியே.